ஓய்வுக்குப் பின் ஊர் திரும்பும் தம்பதியர் முதல் ஐப்பசியைக் கழிப்பது எப்படி

பணி ஓய்வு பெற்றுக் கொங்கு நாட்டுக்குத் திரும்பும் கணவன் மனைவியர், ஊரோடு மீண்டும் பழகத் தொடங்குவதற்குப் புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகை வரையிலான கூதிர்காலத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் இந்தச் சீமைக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அது பெய்யும் நாட்களில் குளங்களில் நீர் ஏறும், தோட்டத்து வேலை அவ்வப்போது நின்றுபோகும், தேடிப்போன மனிதர்கள் திண்ணையில் அகப்படுவார்கள். சென்னையில் 33 ஆண்டுகள் இருந்துவிட்டு, பெருந்துறைக்கும் ஊத்துக்குளிக்கும் இடையிலுள்ள எங்கள் ஊருக்கு நானும் என் வீட்டுக்காரரும் திரும்பியது ஒரு புரட்டாசியில்தான். அன்று எங்களுக்கு யாரும் சொல்லாதவற்றை, இனித் திரும்புவோருக்காக எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது துக்கம் விசாரிப்பது. நீங்கள் வெளியூரில் இருந்த காலத்தில் யார் யார் வீட்டில் இழவு விழுந்தது, எதற்கெல்லாம் நீங்கள் வரவில்லை என்பதை நெருங்கிய உறவினர் ஒருவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு, விசாரிக்க ஏற்ற நாள் எது என்பதையும் தெரிந்துகொண்டு, இருவரும் சேர்ந்தே ஒவ்வொரு வீடாகப் போய் வாருங்கள். ஐந்தாறு ஆண்டுகள் கடந்திருந்தாலும் போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்த தோழி, அவள் மாமியார் இறந்ததை நான் விசாரிக்காத வரையில் என்னிடம் ‘வாங்க, உக்காருங்க’ என்பதற்கு மேல் பேசவில்லை. விசாரித்த அன்று மாலை, இடியாப்பம் போன்ற சந்தகையைப் பிழிந்து போட்டு இரவு எட்டு மணி வரை விடவில்லை. பழைய மொய் நோட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள், ஏனெனில் புரட்டாசி கழிந்ததும் கல்யாணப் பத்திரிகைகள் வரத் தொடங்கும்.

அக்டோபர் 2 அன்றும், உள்ளாட்சி நாளான நவம்பர் 1 அன்றும் கிராம சபை கூடும். கிராம சபை என்பது அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களின் சபை. ஆகவே வந்தவுடன் படிவம் 8 கொடுத்து வாக்கை ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதல் கூட்டத்தில் பேச வேண்டாம். தெருவிளக்கு, குடிநீர், குளத்து மதகு என்று யார் எதைப் பற்றிக் கேட்கிறார்கள், ஏற்கனவே யார் எந்த வேலையை இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். உங்கள் தொண்டு அவர்களில் ஒருவருக்குப் பின்னால் நின்று தொடங்க வேண்டும்.

இதை நாங்கள் தவறு செய்துதான் கற்றுக்கொண்டோம். வந்த முதல் மழையிலேயே, எங்கள் பணத்தில் 60 வேப்பங்கன்றுகளும் புங்கங்கன்றுகளும் வாங்கி, யாரையும் கேட்காமல் குளத்துக் கரையில் நட்டோம். அது காலங்காலமாக ஆடு மேய்கிற வழி. தைப் பொங்கலுக்குள் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. ஆடு மேய்க்கும் பெரியம்மாவுக்கும் எங்களுக்கும் மனத்தாங்கல் வந்ததுதான் மிச்சம். மறு ஆண்டு அவரிடமே போய்க் கேட்டோம். ‘பனங்கொட்டையப் போடு கண்ணு’ என்றார்.

கூதிர்காலத்துக்கு அதைவிடப் பொருத்தமான கூட்டுவேலை இல்லை. ஆவணி, புரட்டாசியில் உதிரும் பனம்பழங்களைப் பொறுக்கி, சதையை நீக்கி, கொட்டைகளைச் சில நாள் உலர வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பழத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று கொட்டைகள் இருக்கும். மண் நன்றாக நனைந்த பிறகு, பத்தடிக்கு ஒன்றாக, முக்கால் அடி ஆழத்தில் குழி எடுத்துப் போட்டு மூடினால் போதும். பனை முதலில் மண்ணுக்குள்தான் கிழங்கு இறக்கும். முதல் ஓலை தலைகாட்டப் பல மாதங்கள் ஆகும் என்பதால், முளைக்கவில்லையே என்று யாரும் தோண்டிப் பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளம் ஊராட்சியின் பொறுப்பிலா, நீர்வளத் துறையின் பொறுப்பிலா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு, முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு, கரையின் வெளிச்சரிவில் போடுங்கள். 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு-அவிநாசித் திட்டம், காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியிலிருந்து நீரேற்றி ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளங்குட்டைகளுக்குத் தண்ணீர் தருவதற்கானது. உங்கள் ஊர்க் குளம் அதில் இருந்தால், கரையைப் பேணும் வேலைக்கு இன்று ஆள் சேர்ப்பது முன்னைவிட எளிது.

ஓய்வு பெற்ற ஆண்களுக்கும் கணக்குத் தெரிந்த பெண்களுக்கும் ஏற்ற வேறொரு பணி நவம்பரில் உண்டு. மத்திய அரசு ஓய்வூதியர்கள் அந்த மாதத்தில், தாம் உயிரோடு இருப்பதைக் காட்டும் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும்; மாநில அரசு ஓய்வூதியர்களுக்குக் காலக்கெடு வேறு என்பதால் அவரவர் ஆணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதுமையில் விரல் ரேகை தேய்ந்து கருவியில் பதியாமல் போவது வழக்கம். 2021 முதல் கைப்பேசியில் முகம் காட்டியே சான்று கொடுக்கலாம். என் வீட்டுக்காரர் வங்கியில் இருந்தவர். செவ்வாய்க்கிழமை காலைகளில் பஞ்சாயத்துத் திண்ணையில் உட்கார்ந்து இதைச் செய்து கொடுக்கிறார். அவர் வைத்திருக்கும் கட்டுப்பாடு ஒன்றை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்: ஆதார் நகலை வாங்கி வைப்பதில்லை, கைப்பேசிக்கு வரும் எண்ணை உரியவர் முன்னிலையிலன்றிக் கேட்பதில்லை. நடக்க முடியாதவர்களுக்குத் தபால்காரரே 70 ரூபாய்க் கட்டணத்தில் வீடு தேடி வந்து செய்து கொடுப்பார் என்பதையும் சொல்லி வையுங்கள்.

நான் போவது ஊர்ப்புற நூலகத்துக்கு. நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா என்பதால் அங்கே கை தேவைப்படும் நேரம் அது. 1,000 ரூபாய் கட்டிப் புரவலராகச் சேரலாம், வாசகர் வட்டத்தில் அமரலாம், பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டலாம். கோயில் கமிட்டியைவிட நூலகத்தையும் பள்ளியையும் முதலில் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்குக் காரணம், எல்லாத் தெருப் பிள்ளைகளும் வந்து உட்காரும் இடங்கள் அவை. எந்தக் கமிட்டியாக இருந்தாலும், முதல் ஆண்டில் பணம் வாங்கி வைக்கும் பொறுப்பை ஏற்காதீர்கள்.

மாலையில் இருவரும் சேர்ந்து போக, வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மி இருக்கிறது. பெண்களையும் இக்கலைக்குள் கொண்டுவந்த கோவை மாவட்டக் கலைஞர் பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது; இன்று பாட்டியும் பேத்தியும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். எல்லாத் தெருவினரையும் சேர்த்துக்கொள்ளும் குழுவாகப் பார்த்துச் சேருங்கள். முதல் வாரம் ஓரமாக நின்று தாளத்துக்குக் கை மட்டும் தட்டிப் பழகுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் குதித்துத் திரும்பும் அடவுகளைத் தவிர்த்துவிட்டுப் பின்பாட்டுக்கு நின்றுகொள்ளலாம். எங்கள் ஆசிரியர் அதைக் குறையாக நினைப்பதில்லை.

கார்த்திகையில் மழை சற்று ஓய்ந்த ஒரு நாளை நண்பர்களுக்காக ஒதுக்குங்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற, ஈரோட்டுக்கு அருகிலுள்ள வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்கு வலசைப் பறவைகள் வரத் தொடங்கியிருக்கும். திருப்பூர்ப் பக்கத்தவர்களுக்கு நஞ்சராயன் குளம் கிட்டம். வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள். கரை மண் வழுக்கும், ஆகவே பிடிப்பான செருப்பு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தூக்குப்போசியில் அரிசியும் பருப்பும் சோறு கட்டிக்கொண்டு போனால் மதியம் வரை உட்கார்ந்து பேசலாம்.