கடைசி விசிலுக்குப் பிறகு: மைதானத்தைச் சுற்றிய கூட்டத்தைக் கணக்குப் போட்டு அனுப்புவது எப்படி

கால்பந்து மைதானம் கட்டிய புதிதில் சுற்றிலும் பொட்டல்தான் இருக்கும். வண்டி நிறுத்தலாம், கூட்டம் கூடி நின்று பேசலாம், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. சில ஆண்டுகளில் அந்தப் பொட்டலில் அடுக்குமாடிகளும் வணிக வளாகமும் ஓட்டல்களும் எழும்பிவிடும். இருக்கைகள் கூடியிருக்காது. ஆனால் கூட்டத்தைத் தாங்கிய காலியிடம் போயிருக்கும். உடனே கூடுதல் ரயில், கூடுதல் போலீஸ் என்று பேச்சு கிளம்பும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று: காத்திருக்கிறவர்கள் எங்கே நிற்பார்கள்? மைதான நிர்வாகம், ரயில் நிலையம், உள்ளாட்சி, குடியிருப்போர் சங்கம் நாலு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்துதான் இதற்குப் பதில் காண முடியும்.

நிற்க எவ்வளவு இடம் வேண்டும்

60,000 பேர் கொள்ளும் மைதானம், அதில் 33,000 பேர் ரயிலுக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 ரயில். வழக்கமான பயணிகள் போக ஒரு ரயிலில் 750 பேர் ஏறலாம். ஆக மணிக்கு 15,000 பேர், நிமிடத்துக்கு 250. எல்லாரையும் அனுப்பி முடிக்க 2 மணி 12 நிமிடம் ஆகும்.

கேலரியோ அப்படிக் காத்திருக்காது. பிரிட்டனில் 'பச்சைக் கையேடு' என்று சொல்லப்படும் விளையாட்டரங்கப் பாதுகாப்பு வழிகாட்டி, இருக்கைப் பகுதியிலிருந்து கூட்டம் தடையின்றி நடக்கும் இடத்துக்கு வந்துசேர அதிகபட்சம் 8 நிமிடம்தான் தருகிறது. எனவே அரை மணி நேரத்தில் 33,000 பேரும் தெருவில் இருப்பார்கள், ரயில் ஏறியவர்கள் 7,500 பேர்தான். மீதி 25,500. சதுர மீட்டருக்கு 2 பேர் என்று வரிசையில் நிறுத்தினால் 12,750 சதுர மீட்டர் வேண்டும். 105-க்கு 68 மீட்டர் ஆடுகளம் 7,140 சதுர மீட்டர் என்பதால், கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் ஆடுகளம். அவ்வளவு இடத்தை வரைபடத்தில் வண்ணம் தீட்டிக் காட்ட முடியாவிட்டால் திட்டம் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம்.

இடம் இல்லாத ஊரில் நேரத்தைத்தான் நீட்ட வேண்டும். ஆட்டம் முடிந்தபின் உணவுக் கடைகளைத் திறந்தே வைத்து, பெரிய திரையில் கோல்களைத் திரும்பப் போட்டு, கழிப்பறைகளையும் பூட்டாமல் விட்டால் ஒரு பகுதியினர் உள்ளேயே உட்கார்வார்கள். ரயிலுக்குப் போகிறவர்களில் 10,000 பேர் முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தால், தேவைப்படும் இடம் 7,750 சதுர மீட்டராகக் குறையும். செலவில் இதைவிட மலிவான வழி கிடையாது. விளக்கை அணைத்து விரட்டும் பழக்கத்தை நிர்வாகம் முதலில் கைவிடட்டும்.

எதை அடைப்பது, எங்கே அடைப்பது

அதே கையேட்டின்படி சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர் போகலாம், படிக்கட்டில் 66. நிலையத்தின் படிக்கட்டு 6 மீட்டர் அகலம் என்றால் நிமிடத்துக்கு 396 பேர் மேலே ஏறிவிடுவார்கள். ரயில் எடுத்துப்போவதோ 250. நிமிடத்துக்கு 146 பேர் பிளாட்பாரத்தில் மிஞ்சினால் பத்தே நிமிடத்தில் 1,460 பேர், அதுவும் தண்டவாளத்தின் ஓரத்தில். படிக்கட்டை அகலப்படுத்தச் சொல்லிக் கோரிக்கை வைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அகலமான படி, ஆபத்தைத் தெருவிலிருந்து பிளாட்பாரத்துக்கு மாற்றிவிடும், அவ்வளவுதான்.

ஆகவே நிறுத்திவைக்கும் கோடு படிக்கட்டின் அடியில் இருக்கக் கூடாது. அகலமான சமதளத்தில், நிலையத்துக்குக் குறைந்தது 50 மீட்டர் முன்னால் இருக்கட்டும். தடுப்புகளால் 750 பேர் அடங்கும் கட்டங்களாகப் பிரியுங்கள். கட்டத்துக்கு 375 சதுர மீட்டர், அதாவது 15-க்கு 25. மூன்று நிமிடத்துக்கு ஒரு கட்டம் திறக்க வேண்டும். திறக்கச் சொல்லும் அதிகாரம் பிளாட்பாரத்தில் நிற்கும் ஒரே ஒருவருக்குத்தான். தெருவில் நிற்பவர் கூட்டத்தின் முணுமுணுப்புக்குப் பணிந்து திறந்துவிடுவார். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கவாட்டில் வெளியே போக வழி இருக்க வேண்டும், வயிறு கலங்கியவர், குழந்தையைத் தவறவிட்டவர், மயக்கம் வருகிறவர் எல்லாரும் அங்கே இருப்பார்கள். சக்கர நாற்காலியில் வருவோரை இந்தக் கட்டங்களில் சேர்க்காமல், லிஃப்டுக்குத் தனிப்பாதையில் அழைத்துப் போங்கள்.

முன்வரிசைக்கு அருகில் பத்துப் பேரை நிறுத்திவிட்டு வால்பக்கத்தை அம்போ என்று விடுவது வாடிக்கை. தள்ளுவது பின்னால் வருகிறவர்கள், முன்னால் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒலிபெருக்கி, உயரமான பலகை, தெளிவாகப் பேசத் தெரிந்த ஆள் மூன்றும் வாலில்தான் வேண்டும். "இங்கிருந்து ரயிலுக்கு 40 நிமிடம், அடுத்த நிலையத்துக்கு நடந்தால் 20 நிமிடம்" என்று உண்மையான எண்ணைச் சொன்னால் கணிசமானோர் நடையைக் கட்டுவார்கள். "தயவுசெய்து ஒத்துழைக்கவும்" என்றால் ஒருவரும் நகர மாட்டார்.

நெருக்கத்தைக் கண்ணால் அளப்பது

கேமராவில் தெரியும் தரையில் 5-க்கு 2 மீட்டர் கட்டம் ஒன்றைப் பெயின்டால் வரையுங்கள். பத்துச் சதுர மீட்டர். அதில் 20 தலை என்றால் பிரச்சினை இல்லை. 30 வந்ததும் பின்னாலிருந்து வரவை நிறுத்தத் தொடங்க வேண்டும். நகரும் கூட்டத்துக்கு 40 தான் உச்சவரம்பு. அதைத் தாண்டிப் போகப் போக யாரும் தன் விருப்பப்படி நகர முடியாது, அலை அடிப்பதுபோல் கூட்டம் மொத்தமாக அசையும். கேமரா இல்லாத இடத்தில் கைகளைப் பாருங்கள்: நெஞ்சுக்கு முன்னால் கையை மடக்கி வைத்திருக்கிறார்களா, கீழே விழுந்த செருப்பைக் குனிந்து எடுக்க முடிகிறதா, ஓரத்தில் இருப்பவர்கள் வேலி ஏறுகிறார்களா. இவை தெரியும்போது முன்பக்கம் திறப்பதைவிடப் பின்பக்கம் அடைப்பதே அவசரம்.

திறப்பதிலும் ஆபத்து உண்டு. 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உள்ள ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நுழைவாயிலுக்கு வெளியே நெருக்கடி முற்றி, வெளியேறும் கதவு ஒன்றைத் திறந்தார்கள். ஏற்கெனவே நிரம்பிய நடுப்பகுதிக்கு இட்டுச்செல்லும் சுரங்கவழியை மூடவில்லை. 97 உயிர்கள் போயின. எந்தக் கதவையும் திறப்பதற்கு முன், கூட்டம் அங்கிருந்து எங்கே போய்ச் சேரும் என்று ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

உள்ளே வரும் கூட்டம்

ஒரு டர்ன்ஸ்டைலில் (ஒவ்வொருவராக உள்ளே விடும் சுழல்வாயில்) மணிக்கு 660 பேர் என்பதுதான் கணக்கில் கொள்ளத்தக்க உச்சம். 60,000 பேரை ஒரு மணி நேரத்தில் உள்ளே விட 91 வேண்டும். பை சோதனைக்கு ஆளுக்கு 10 விநாடி என்றால் அந்த வரிசையில் மணிக்கு 360 பேர்தான் போவார்கள், எனவே சோதனை வரிசைகள் டர்ன்ஸ்டைல்களைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு தேவை. டிக்கெட்டையும் பையையும் ஒரே இடத்தில் பார்ப்பது மிச்சம்போலத் தெரியும், ஆனால் அங்கேயே கூட்டம் தேங்கிவிடும். 2022 மே 28 அன்று பாரிஸ் அருகே ஸ்டாட் டி பிரான்ஸில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்துக்கு முன்னால் நடந்தது இதுவே. ஒரு ரயில் தடத்தில் வேலைநிறுத்தம், கூட்டம் இன்னொரு தடத்துக்குத் திரும்பியது, அந்தப் பக்கத்துச் சோதனைச்சாவடி நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில் குறுகலான இடத்தில் இருந்தது. ஆட்டம் அரை மணிக்கு மேல் தாமதமானது. ரயில் தடம் மாறினால் எந்தச் சாவடிக்கு ஆளை மாற்றுவது என்பது முந்தின நாளே எழுத்தில் இருக்கட்டும். தொடக்கத்தைத் தள்ளிவைப்பதாக இருந்தால் 20 நிமிடம் முன்பே அறிவியுங்கள். விசில் நேரம் நெருங்கியபின் அறிவித்தால், ஓடத் தொடங்கியவர்களை நிறுத்த முடியாது.

கட்டடங்கள் தின்னும் அகலம்

வளரும் பகுதியில் பாதை மெல்ல மெல்லக் குறையும். 8 மீட்டர் பாதையில் நிமிடத்துக்கு 656 பேர் போகலாம். ஓரத்தில் ஒன்றரை மீட்டர் தள்ளுவண்டி, அதன் முன் ஒன்றரை மீட்டர் வரிசை. மீதி 5 மீட்டர், 410 பேர். கடையை எடுக்கச் சொல்ல வேண்டியதில்லை, பக்கத்துச் சந்தின் உள்ளே பத்தடி தள்ளிப் போடச் சொன்னால் போதும். சியோலின் இதேவோனில் 2022 அக்டோபர் 29 அன்று 159 பேர் இறந்த சரிவான சந்து, ஓரத்துத் தடுப்புச் சுவரால் 3.2 மீட்டராகக் குறுகியிருந்தது. மேலிருந்தும் கீழிருந்தும் ஆட்கள் ஒரே நேரத்தில் வந்தார்கள். அந்த மாதிரிச் சந்துகளை ஆட்ட நாளில் ஒருவழி ஆக்குங்கள், சரிவில் எக்காரணம் கொண்டும் வரிசை நிற்க விடாதீர்கள்.

ஒவ்வொரு சீசனுக்கு முன்னும் அளவு நாடாவுடன் எல்லாப் பாதையையும் நடந்து, மிகக் குறுகிய இடத்தின் அகலத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள். சாரம், கட்டுமானத் தகர வேலி, பூந்தொட்டி, பைக் நிறுத்தம், வளாகத்தின் புதிய வாசல் எல்லாம் அதில் வர வேண்டும். கட்டட அனுமதிக் கோப்பில் இந்தப் பதிவேட்டை இணைக்க வைப்பதுதான் குடியிருப்போர் சங்கத்தால் முடிகிற மிகப் பெரிய காரியம்.

வண்டிகளைப் பற்றிச் சுருக்கமாக. வாடகை கார் ஏறுமிடம், அடைத்த சாலைகளுக்கு வெளியே, வண்டி திரும்பாமலே நேராகப் போகக்கூடிய இடத்தில் இருக்கட்டும். செயலியிலும் அதே இடம் மட்டும் காட்ட நிறுவனங்களிடம் முன்பே பேசுங்கள். ஆம்புலன்ஸுக்கு 4 மீட்டர் வழி, அதில் போலீஸ் வண்டிகூட நிற்கக் கூடாது. சாலையைத் திறக்கும் நேரத்தைக் கடிகாரம் தீர்மானிக்க வேண்டாம், கடைசிக் கட்டம் காலியானபின் திறக்கலாம்.

நாக்அவுட் ஆட்டத்தில் கூடுதல் நேரம் 30 நிமிடம், இடைவெளிகள், பெனால்டி எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகலாம். அதோடு கூட்டம் தீர ஆகும் 2 மணி 12 நிமிடத்தையும் கூட்டிப் பார்த்து, கடைசி ரயில் அதற்குப் பிறகு புறப்படுமாறு ரயில்வேயிடம் எழுத்தில் உறுதி வாங்குங்கள். உறுதி கிடைக்காவிட்டால் ஆட்டத்தை மாலையிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.