‘பீடியைவிட வேப் மேல்’: மேடையில் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே 31, உலகப் புகையிலை எதிர்ப்பு நாள். டெல்டாவில் அது மேட்டூர் திறப்பை எதிர்பார்த்துக் குறுவை நாற்றங்காலுக்கு ஆயத்தமாகும் நேரம். கல்லூரி என்.எஸ்.எஸ். மாணவர்களும் சுகாதார ஆய்வாளர்களும் ஊர்ப் பொதுவில் மைக் பிடிக்கும் நாளும் அதுதான். பேச்சு முடிந்ததும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து, “ஏம்ப்பா, சிங்கப்பூர்ல எம் பேரன் பேனா மாதிரி ஒண்ணை இழுக்கறானாம். அது பீடிக்குத் தேவலையா?” என்று கேட்டால் என்ன சொல்வது? “வெறும் நீராவிதான்” என்பது தவறு. “பீடியைவிடப் பத்து மடங்கு விஷம்” என்பதும் தவறு. பேச்சாளர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் விழுகிறார்கள்.

முதலில் அந்த ‘நீராவி’ என்ற சொல்லை விட்டுவிட வேண்டும். வேப் எனப்படும் மின்சிகரெட்டுக்குள் லித்தியம் மின்கலமும், ஒரு கம்பிச் சுருளும், அதைச் சுற்றிப் பஞ்சும் இருக்கின்றன. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோட்டின், வாசனைப் பொருள் கலந்த திரவத்தில் ஊறிய பஞ்சைச் சுருள் சூடாக்குகிறது. வெளியே வருவது நுண்துளிகள். அவற்றில் நிகோட்டினும், சுருளிலிருந்து கழன்ற உலோகத் துகள்களும் இருக்கலாம். பஞ்சு காய்ந்த பிறகும் இழுத்தால் திரவம் கருகி ஃபார்மால்டிஹைடு உண்டாகும். சிகரெட்டின் முனையோ இழுக்கும்போது 900 டிகிரி செல்சியஸை ஒட்டி எரிகிறது. தாரும் கார்பன் மோனாக்சைடும் அந்த எரிதலில்தான் பிறக்கின்றன. வேப்பில் எதுவும் எரிவதில்லை, அதனால் நச்சு மிகவும் குறைகிறது. இது உண்மை. மறைக்கத் தேவையில்லை.

ஆனால் ‘குறைவு’ என்று சொன்ன வாயால் ‘எதைவிட, யாருக்கு’ என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். நாளுக்கு ஒரு கட்டு பீடி பிடிப்பவர் அதை அடியோடு விட்டுவிட்டு மாறினால் மட்டுமே அந்த ஒப்பீடு பொருந்தும். புகையையே தொட்டிராத கும்பகோணத்துக் கல்லூரி மாணவனுக்கு ஒப்பிட வேண்டியது சிகரெட்டோடு அல்ல, அவன் இப்போது மூச்சு விடும் வெறும் காற்றோடு. கூட்டத்தில் இருவரும் அருகருகே உட்கார்ந்திருப்பார்கள். அரைகுறையாகச் சொன்ன வாக்கியம் மாணவனுக்கு அனுமதிச் சீட்டாகிவிடும்.

அடுத்தது ‘95 சதவீதம்’. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015-ல் வேப்பின் தீங்கு சிகரெட்டைவிடச் சுமார் 95 சதவீதம் குறைவு என்றது. அந்த எண்ணுக்கு அடிப்படை நிபுணர் குழு ஒன்று கூடி உட்கார்ந்து போட்ட மதிப்பீடு. ஆய்வகத்தில் அளந்து கண்டதல்ல. தவிர, அங்கே திரவத்தில் நிகோட்டின் மில்லிக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, தொட்டி 2 மில்லிதான், புட்டி 10 மில்லிதான் என்று விதி இருக்கிறது. இங்கே திருட்டுத்தனமாக வரும் சாதனத்துக்குள் என்ன இருக்கிறது என்று யார் பொறுப்பேற்பது? அந்த ஊர்க் கணக்கை இந்த ஊர்ச் சரக்குக்குப் போடக் கூடாது.

‘வேப் பிடித்தால் சிகரெட்டை விடலாம்’ என்பவர்கள் 2019-ல் வந்த பிரிட்டன் ஆய்வைக் காட்டுவார்கள். 886 பேரில் வேப் எடுத்தவர்களில் 18 சதவீதமும், தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை, மெல்லும் கம் போன்றவற்றை எடுத்தவர்களில் 9.9 சதவீதமும் ஓராண்டு கழித்தும் புகைக்காமல் இருந்தார்கள். பெரும்பாலானவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்படி வேப் வழியாக விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் வேப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள், மற்ற குழுவில் 9 சதவீதம்தான் அந்த மருந்தைத் தொடர்ந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு குழுவுக்கும் வாராவாரம் நேரில் ஆலோசனை கிடைத்தது என்பதையும்.

‘வீட்டில் வேப், வயலில் பீடி’ என்று இரண்டையும் வைத்துக்கொள்பவருக்கு இதயம் தப்பாது. நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்குக்கூட, 20 பிடிப்பவருக்குக் கூடும் இதய நோய் ஆபத்தில் ஏறக்குறையப் பாதி வந்துவிடுகிறது. 2018-ல் வெளியான கணக்கு இது. பாதியாகக் குறைத்தேன் என்பவரைக் கைதட்டி அனுப்பிவிடாதீர்கள்.

சட்டத்தை மறப்பதுதான் பேச்சாளருக்கே ஆபத்தான தவறு. மின்சிகரெட் தடைச் சட்டம் 2019-ல் வந்தது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். இருப்பு வைப்பதற்குத் தனித் தண்டனை. நிகோட்டின் இல்லாத திரவம் என்றாலும் விலக்கு இல்லை. நேராகவோ மறைமுகமாகவோ பயன்பாட்டை ஊக்குவிக்கும் எந்த அறிவிப்பும், ஒலிபெருக்கி வழியாக வந்தாலும், விளம்பரக் கணக்கில் சேரலாம். ஆகவே “மாறிக்கொள்ளுங்கள்” என்று மைக்கில் சொல்லக் கூடாது. காட்டி விளக்குகிறேன் என்று சாதனத்தை மேடைக்குக் கொண்டுவருவதும், வண்ண வண்ண வாசனைப் பெயர்களைத் திரையில் போடுவதும் வேண்டாம். திருச்சி விமான நிலையத்தில் பையில் வேப்போடு இறங்கும் பேரனுக்கு அது இறக்குமதி. அவன் இருக்கும் சிங்கப்பூரில் இழுப்பதும் கையில் வைத்திருப்பதுமே குற்றம்.

பயமுறுத்துவதிலும் அளவு தவறக் கூடாது. அமெரிக்காவில் 2019-ல் வேப் பிடித்தவர்களிடையே தொடங்கிய நுரையீரல் பாதிப்பில், 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். இறந்தவர்கள் 68 பேர். அதற்குப் பெரும்பாலும் காரணம் கஞ்சாச் சத்துள்ள திரவங்களில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட். இதைப் பொதுவாக ‘வேப் பிடித்தவன் செத்தான்’ என்று சொன்னால், பின்வரிசைப் பையன் போனில் தேடிப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்ன மற்றதையும் நம்ப மாட்டான். ‘நிகோட்டின்தான் புற்றுநோய் தரும்’ என்பதும் அப்படித்தான். அது அடிமையாக்கும், இதயத் துடிப்பைக் கூட்டும், குழந்தை திரவத்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் புகைப்பவரின் புற்றுநோய்க்கு முதன்மைக் காரணம் புகையின் நச்சுகள். இதைக் குழப்பினால் அவர் கம்மையும் பட்டையையும் கண்டு பயந்து பீடிக்கே திரும்புவார்.

இன்னொன்று, நம்மூர்ப் பழக்கத்தையே மறந்து பேசுவது. 2016-17 தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் பீடி 7.7 சதவீதம், சிகரெட் 4 சதவீதம், புகையில்லாப் புகையிலை 21.4 சதவீதம். கும்பகோணம் வெற்றிலையில் வேதாரண்யம் பக்கத்துப் புகையிலையை மடித்து நடவு வயலில் மெல்லும் அம்மாவுக்கும், ஹான்ஸ் புகையிலையை உதட்டில் அடக்கும் டிராக்டர் ஓட்டுநருக்கும் வேப் பேச்சால் ஒரு பயனும் இல்லை. அவர்களிடம் வாய்ப் புற்றைப் பற்றித்தான் பேச வேண்டும்.

வேப் வேண்டாம் என்றால் வேறு எது என்று கேட்பார்கள். பதிலை முழுதாக வைத்திருங்கள். 2 மில்லிகிராம் நிகோட்டின் கம் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும். எழுந்து அரை மணிக்குள் முதல் பீடி பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம், அதை மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் எதற்கும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று, பிறகு படிப்படியாகக் குறைத்துப் பன்னிரண்டு வாரத்தில் நிறுத்தலாம்.

மெல்லும் விதத்தை மேடையிலேயே செய்து காட்டுங்கள். வெற்றிலை போட்டுப் பழகியவர்கள் விடாமல் மென்று சாறை விழுங்குவார்கள். விக்கலும் குமட்டலும் வந்து மறுநாளே தூக்கிப் போட்டுவிடுவார்கள். மெதுவாக மென்று, காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே அடக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி. டிகிரி காபி குடித்த கையோடு போட்டால் வாயின் அமிலத் தன்மையால் நிகோட்டின் சரியாக உள்ளே ஏறாது. ஆகவே காபிக்கும் கம்முக்கும் நடுவில் பதினைந்து நிமிடம் விடச் சொல்லுங்கள்.

அந்தப் பெரியவருக்குப் பதில் இப்படி அமையலாம்: “ஐயா, பீடியில இருக்குற அளவு நச்சு அதுல இல்லை. ஆனா அடிமையாக்கும், ரொம்ப வருஷம் இழுத்தா என்ன ஆகும்னு இன்னும் முழுசா தெரியாது, நம்ம நாட்டுல விக்கிறதும் கொண்டு வர்றதும் குத்தம். உங்க பேரன் விடணும்னா மருந்து இருக்கு. உங்களுக்கும் இருக்கு.” சொல்லிவிட்டு அவர் மடியிலுள்ள பீடிக் கட்டை வாங்கி, எச்சரிக்கைப் படத்தோடு அச்சாகியிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணை விரலால் தொட்டுக் காட்டுங்கள். அவர் போனிலேயே அதைப் பதிந்து கொடுங்கள்.