பட்டறைக்குள் வெள்ளம்: நட்டத்தைக் கூட்டும் தவறுகள்

2015 டிசம்பரில் அடையாற்றுக் கரையில் ஈக்காட்டுத்தாங்கல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை. சென்னையில் சிறு பட்டறை நடத்துகிறவர்களுக்கு இந்த இரண்டும் மறக்காது. தண்ணீர் ஏறும்போது ஒரு நட்டம் வருகிறது. வடிந்த பிறகு அவசரத்தில் இன்னொன்று. இரண்டாவதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

கரண்ட் வந்ததும் ‘ஓடுதா பாப்போம்’ என்று மோட்டாரைப் போடுவதுதான் மிக மோசமான தவறு. வைண்டிங்கில் (உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுற்றில்) ஈரமும் சேறும் இருக்கும்போது சில நொடி ஓடினாலே காயில் கருகிவிடும். கழுவி உலர்த்தியிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய மோட்டார் அது. மெயினை இறக்கி, ஃபியூஸ் கேரியரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரைப் பிரித்து நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, ஓவனில் சுமார் 80 டிகிரியில் உலர்த்தி, பேரிங்கை மாற்றுங்கள். வெயிலில் வைத்தால் மேலே காயும், கம்பிச் சுற்று உட்கார்ந்திருக்கும் ஸ்லாட்டுக்குள் ஈரம் நிற்கும். மின்கசிவைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் கருவியை வைத்து வைண்டிங்குக்கும் பாடிக்கும் இடையே பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மறுபடி ஓவன்தான். கியர்பாக்ஸ் எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, முழுக்க வடித்து மாற்ற வேண்டும்.

ஸ்டாக்கைச் செங்கல் உயரத்துக்குத் தூக்கி வைப்பதால் பயனில்லை. சுவரில் பழைய தண்ணீர்க் கோடு இருக்குமே, அதற்கு மேல் ஓரடி என்று கணக்கு வையுங்கள். ஜெனரேட்டர் மேடைக்கும் பேனல் போர்டுக்கும் அதே கணக்குதான். அட்டைப்பெட்டி அடுக்கில் அடிப்பெட்டி நனைந்து நசுங்கினால் மேலே உலர்ந்திருப்பதும் சரிந்து தண்ணீரில் விழும்.

சிவப்பு எச்சரிக்கைக்குக் காத்திருக்காதீர்கள். அதற்குள் வண்டியும் கிடைக்காது, ஆளும் வர முடியாது. ஆரஞ்சு வந்ததுமே தூக்கத் தொடங்குங்கள். மழை விட்டுவிட்டது என்று இறக்கி வைப்பதும் ஆபத்து. 2015-இல் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். ஏரித் தண்ணீர் நம் தெருவில் பெய்யும் மழையைப் பார்த்து வருவதில்லை.

புயல் காற்று கூரையின் ஓரத்தைத்தான் முதலில் தூக்கும். ஓர வரிசையில் கூரைத் தகட்டைப் பிடித்திருக்கும் துருப்பிடித்த ஜே-போல்ட்டுகளைச் செப்டம்பரிலேயே மாற்றிவிடுங்கள்.

இன்ஷூரன்ஸில் நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரியாது. ஏப்ரலில் இருந்த ஸ்டாக்குக்குப் பாலிசி எடுத்திருப்பார்கள். தீபாவளி, பொங்கல் ஆர்டருக்காக மழைக்காலத்தில் சரக்கு இரண்டு மடங்காக நிற்கும். 40 லட்சம் சரக்குக்கு 20 லட்சம் பாலிசி இருந்து, 10 லட்சத்துக்குச் சேதமானால், பாதி மதிப்புக்கே பாலிசி இருப்பதால் கையில் வருவதும் பாதி, ஏறக்குறைய 5 லட்சம்தான். 5 கோடி வரையிலான சொத்துக்கு இருக்கும் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில் பாலிசித் தொகை சொத்தின் மதிப்பைவிட 15 சதவீதம் வரை குறைவாக இருந்தால் இப்படிப் பிடித்தம் செய்ய மாட்டார்கள். அதைத் தாண்டினால் பிடிப்பார்கள். அக்டோபருக்கு முன்பே தொகையை உயர்த்திக்கொள்ளுங்கள். வெள்ளம் வந்தபின் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, தண்ணீர்க் கோடு தெரிய ஒவ்வொரு மெஷினையும் அதன் நேம் பிளேட்டோடு படம் எடுத்த பிறகே கழுவத் தொடங்குங்கள். சேதத்தை மதிப்பிட வரும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் பார்க்கும் வரை நனைந்த சரக்கைக் குப்பைக்கு அனுப்ப வேண்டாம்.