பழைய ஜப்பானிய பேண்ட் பாடல்களைத் தமிழ்க் காதோடு கேட்பது எப்படி

அல்சூரில் ஏறி ஒயிட்ஃபீல்டில் இறங்கும் வரை பெங்களூர் மெட்ரோவில் எனக்கு முக்கால் மணி நேரம் கிடைக்கிறது. இரண்டு வருடமாக அந்த நேரம் முழுக்க எழுபது, எண்பதுகளில் வந்த ஜப்பானிய பேண்ட் பாடல்கள்தான். ஆபீஸில் யாராவது ஹெட்போனை வாங்கிக் கேட்டால், "நல்லா இருக்கு, ஆனா ஒண்ணுமே புரியலையே, எங்க இருந்து ஆரம்பிக்கிறது?" என்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஆங்கில மொழிபெயர்ப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். ஆங்கிலத்தில் வரி தலைகீழாகிவிடும், பாடகர் கடைசியில் கொண்டுவந்து வைக்கும் சொல் அதில் முன்னாலேயே வந்துவிடும். ஜப்பானிய மொழி அப்படி இல்லை, தமிழைப் போலவே வினைச்சொல் கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். இது தெரிந்தாலே பாதிக் கதவு திறந்த மாதிரி.

ஆரம்பிக்க வேண்டிய பாட்டு என்று நான் சொல்வது ஹேப்பி எண்ட் குழுவின் "கஸெ ஒ அட்ஸுமெதெ". 1971இல் வந்த "கஸெமாச்சி ரோமன்" ஆல்பத்தில் இருக்கிறது. தலைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கஸெ என்றால் காற்று, ஒ என்பது நம் இரண்டாம் வேற்றுமை ஐ, அட்ஸுமெதெ என்றால் சேர்த்து. ஆக, "காற்றைச் சேர்த்து". ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. "சேர்த்து" என்று வினையெச்சத்தில் நிறுத்தினால் அடுத்து என்ன என்று நாம் காத்திருப்போமே, அதே காத்திருப்பு அந்த மெட்டிலும் இருக்கிறது, ஆங்கிலத்தில் படித்தால் அது கிடைக்காது. பக்கத்து சீட்டு மைசூர்க்கார நண்பரிடம் இதைக் காட்டினேன், அவர் உடனே "காளியன்னு சேரிசி" என்று கன்னடத்தில் அதே வரிசையில் சொன்னார், காளி என்றால் அங்கே காற்று. அன்றிலிருந்து அவரும் இந்தப் பாட்டைக் கேட்கிறார்.

அந்தக் காலத்தில் ஜப்பானில் ராக் என்றால் ஆங்கிலத்தில்தான் பாட வேண்டும், நம் மொழி அந்தத் தாளத்தில் உட்காராது என்று வாதாடியவர்கள் இருந்தார்கள். ஹேப்பி எண்ட் தங்கள் மொழியிலேயே பாடிக் காட்டினார்கள். அவர்கள் வரிகளை எழுதிய மட்ஸுமொதோ தகாஷி அந்தக் குழுவின் டிரம்மர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள், சொற்கள் தாளத்தின் மேல் எவ்வளவு லேசாக விழுகின்றன என்று தெரியும்.

அடுத்து, பாட்டை நீங்களே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும், நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். ஜப்பானிய மொழியில் குறில், நெடில் வித்தியாசம் உயிர்நாடி. ஒபஸன் என்றால் அத்தை, ஒபாஸன் என்றால் பாட்டி. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தக் கணக்கு அங்கேயும் அப்படியே செல்லும். எ, ஏ, ஒ, ஓ என்று நான்குக்கும் தனித்தனி எழுத்து நம்மிடம் இருக்கிறது. இந்தி எழுத்தில் எழுதிப் பார்த்த டெல்லி நண்பர் ஒருவர் இந்த இடத்தில்தான் தடுமாறினார், அந்த எழுத்தில் எகர, ஒகரக் குறில்களைத் தனியாகக் காட்ட வழக்கமான குறி இல்லை.

கவனிக்க வேண்டியவை மூன்று. தமிழில் எகரக் குறிலில் சொல் முடியாது, அதனால் "அட்ஸுமெதெ" என்பதை நம் நாக்கு "அட்ஸுமெதே" என்று இழுத்துவிடும், வேண்டுமென்றே வெட்டி நிறுத்திப் பழகுங்கள். அப்புறம், நடுவில் வரும் க, த, ப நம் வாயில் மென்மையாகிவிடும். எது வல்லொலியாகவே நிற்க வேண்டுமோ அதன் அடியில் ஒரு கோடு போடுங்கள், அட்ஸுமெதெயின் தெ அப்படிப்பட்டது. மூன்றாவது, சொல்லின் முடிவில் வரும் ன் நமக்கு அரை மாத்திரை, அவர்களுக்கு முழு மாத்திரை. நம் பழக்கத்தில் பாடினால் ஒரு தட்டு குறையும்.

வரிகளே வேண்டாம், கொஞ்சம் ஓய்வு வேண்டும் என்றால் யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ராவின் "ரைடீன்" கேளுங்கள், 1979. முழுக்க வாத்தியம், ஒரே தடவையில் மெட்டு மனதில் ஒட்டிவிடும். ஹேப்பி எண்டில் பேஸ் கிடார் வாசித்து "கஸெ ஒ அட்ஸுமெதெ" பாடிய அதே ஹொஸொனோ ஹருஓமிதான், ஸகமொதோ ரியூஇச்சியோடும் தகஹாஷி யுகிஹிரோவோடும் சேர்ந்து இந்தக் குழுவைத் தொடங்கினார். பழைய பாடல்களைத் தேட இதுதான் நல்ல வழி, பட்டியலைப் பிடிக்காமல் ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு போங்கள். ஹொஸொனோவைப் பிடித்துப் போனால் நம் ஊர்ப் பக்கமே வந்து சேர்வீர்கள். ஓவியர் யொகோஓ ததனொரியோடு இந்தியா வந்துவிட்டுத் திரும்பி அவர் 1978இல் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் "கொச்சின் மூன்". அதில் ஒரு இசைத்துண்டின் தலைப்பில் மெட்ராஸ் இருக்கிறது! முதல் தடவை அதைப் பார்த்தபோது ரயிலில் எழுந்தே நின்றுவிட்டேன். ஆனால் அது சிந்தசைஸர் என்ற மின்னணு இசைக்கருவியை வைத்துச் செய்த கடினமான பரிசோதனை, முதல் மாதத்தில் அதைத் தொடாதீர்கள்.

அதே 1978இல் வந்த கொடைகோ குழுவின் "காந்தாரா"வை முதல் வாரமே கேட்கலாம். யுவான் சுவாங்கின் பயணத்தை வைத்துப் பின்னிய பழைய சீனக் கதையைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தார்கள், அதன் முடிவில் வரும் பாட்டு இது. நம் பாடப் புத்தகத்தில் பல்லவர் காலத்துக் காஞ்சிபுரத்துக்கு வந்தாரே, அதே யுவான் சுவாங். எங்கோ இருக்கும் ஒரு ஊரை ஏங்கித் தேடும் மெட்டு, பல்லவியில் இந்தியா என்ற பெயரே வரும்.

ஸதர்ன் ஆல் ஸ்டார்ஸைக் கேட்கத் தவறாதீர்கள், ஆனால் பாடிப் பழக அவர்களை எடுக்காதீர்கள். அந்தக் குழுவின் பாடகர் குவதா கெய்ஸுகே ஜப்பானியச் சொற்களை ஆங்கிலம் போல வளைத்துக் குழைத்துப் பாடுவார், எழுத்தைப் பிடிக்கவே முடியாது. 1979இல் வந்த "இதொஷி நொ எல்லி" மட்டும் மெதுவான பாட்டு, அதில் நுழையலாம். பின்னால் அமெரிக்கப் பாடகர் ரே சார்ல்ஸே அதை ஆங்கிலத்தில் பாடினார்.

வாய்விட்டுப் பாட வேண்டுமா, ப்ளூ ஹார்ட்ஸின் "லிண்டா லிண்டா" இருக்கிறது, 1987. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழும், மெதுவாக ஆரம்பித்து ஒரு இடத்தில் வெடிக்கும். கிடார் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இரண்டு மாலை போதும். 1989இல் வந்த பிரின்சஸ் பிரின்சஸின் "டயமண்ட்ஸ்" ஐந்து பெண்களே வாசித்துப் பாடியது, அந்த வருடம் ஜப்பானில் மிக அதிகம் விற்ற சிங்கிள் அதுதான். அதே வருடத்து "குரெனாய்", எக்ஸ் குழுவின் பாட்டு, வேகம் பிடித்தவர்களுக்கு. உச்சரிப்பு பழக ஸ்பிட்ஸின் "ராபின்ஸன்", 1995, இதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியவில்லை, ஸ்பிட்ஸின் பாடகர் ஒரு எழுத்தையும் விழுங்க மாட்டார்.

தேடும்போது ஒரு சிக்கல் வரும். ஹேப்பி எண்ட் என்று ஆங்கில எழுத்தில் போட்டால் வேறு என்னென்னவோ வந்து நிற்கும். விக்கிப்பீடியாவில் அந்தக் குழுவின் பக்கத்துக்குப் போய் ஜப்பானிய எழுத்தில் இருக்கும் பெயரை அப்படியே நகல் எடுத்து ஒட்டித் தேடுங்கள். பாட்டு கிடைத்ததும் வெளியான வருடத்தைப் பாருங்கள், மறுபதிவுகளும் வேறு பாடகர்கள் பாடியவையும் நிறைய உண்டு. முதலில் மூலப் பதிவைக் காதில் ஏற்றிக்கொண்டால் மற்றவற்றை ஒப்பிட்டுக் கேட்பது தனி சுகம்.

ஒரு பாட்டுக்கு ஒரு வாரம் கொடுங்கள். இரண்டு நாள் வெறுமனே கேட்பது, இரண்டு நாள் எழுதுவது, மிச்ச நாளில் எழுதியதைப் பார்த்து முணுமுணுப்பது. மெட்ரோவில் கூச்சமாக இருந்தால் விடியற்காலையில் அல்சூர் ஏரிப் பக்கம் நடந்துகொண்டே பாடலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். நான்கைந்து பாட்டு தேறியதும் வருடாவருடம் இங்கே நடக்கும் ஜப்பான் ஹப்பாவுக்கு ஒரு நடை போய் வாருங்கள், ஹப்பா என்றால் கன்னடத்தில் திருவிழா. அங்கே யாராவது ஜப்பானியர் கிடைத்தால் உங்கள் நோட்டில் இருப்பதைப் படித்துக் காட்டி, எங்கே நீட்டிவிட்டீர்கள், எங்கே குறைத்துவிட்டீர்கள் என்று கேட்டு, பென்சிலால் அங்கேயே திருத்திக்கொள்ளுங்கள்.