ரவென்னாவின் மொசைக்குகளை எந்த வரிசையில் பார்ப்பது

இத்தாலியின் பொலோனியாவிலிருந்து ரயிலேறி, மொசைக்குகளுக்கு (சின்னச் சின்ன வண்ணச் சில்லுகளைப் பதித்துச் செய்த சுவர்ப் படங்கள்) பேர்போன ரவென்னாவை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஆனால் போய் இறங்கியதும் நேராக சான் விட்டாலே தேவாலயத்துக்கு ஓடாதீர்கள். இருப்பதிலேயே பிரமாண்டமானதை முதலில் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் சப்பென்று ஆகிவிடும், ஊரின் கதையும் தலைகீழாகிவிடும்.

கதை இதுதான். 402இல் மேற்கு ரோமானியப் பேரரசின் தலைநகரம் இங்கே வந்தது. 493இல் தியோடரிக் என்ற அரசர் தலைமையில் கோத் என்ற ஜெர்மானிய இனத்தவர் பிடித்தார்கள். 540இல் பைசாந்திய (கிழக்கு ரோமானிய) படை அவர்களிடமிருந்து பறித்தது. மூன்று ஆட்சிகளுமே சுவரில் மொசைக் பதித்துவிட்டுப் போயிருக்கின்றன.

அதனால் ரோமானியர் காலத்து நியோனியன் ஞானஸ்நான மண்டபத்தில் தொடங்குங்கள். வெளியே வெறும் செங்கல், எந்த அலங்காரமும் இல்லை (இந்த ஊரில் எல்லாமே அப்படித்தான், வெளித்தோற்றத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்). உள்ளே அண்ணாந்து பார்த்தால் இயேசுவின் திருமுழுக்கு, சுற்றிலும் பன்னிரண்டு சீடர்கள். அப்புறம் தியோடரிக் காலத்து அரியன் (கோத்கள் பின்பற்றிய கிறிஸ்தவப் பிரிவு) ஞானஸ்நான மண்டபத்துக்கு நடந்துபோய் அதே காட்சியை மறுபடி பாருங்கள். ஜோர்டான் நதி இரண்டிலும் ஒரு கிழவராக உட்கார்ந்திருக்கிறார், ஆனால் இங்கே பின்னணியில் தங்கம் அதிகம். ஒரே மதத்தின் இரண்டு பிரிவினர் ஒரே ஊரில் தனித்தனியாக மண்டபம் கட்டிக்கொண்டார்கள் என்பது அப்போதுதான் உறைக்கும்.

அடுத்தது சான்ட் அப்போலினாரே நுவோவோ தேவாலயம். நீண்ட கூடம், ஒரு பக்கம் கன்னியர் ஊர்வலம், எதிர்ப்பக்கம் 26 மறைசாட்சிகள் (மதத்துக்காக உயிர்விட்டவர்கள்). எல்லாரும் ஊர்வலத்தைப் படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் வாசலுக்குப் பக்கத்தில் வலது சுவரில் இருக்கிற அரண்மனைப் படத்துக்கு முன்னால் நின்று தூண்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்: சில தூண்களின் மேல் உடம்பில்லாமல் கை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். தியோடரிக் காலத்து உருவங்களை பைசாந்தியர்கள் பெயர்த்தெடுத்துவிட்டுத் திரைச்சீலையாக மாற்றினார்கள், தூணின் மேல் விழுந்த கைகளை மட்டும் விட்டுவிட்டார்கள். ஆட்சி மாற்றத்தை இவ்வளவு அப்பட்டமாகக் காட்டும் சுவர் வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை.

கடைசியாக சான் விட்டாலே வளாகம். அங்கேயும் முதலில் பின்னால் இருக்கிற, ரோமானியப் பேரரசி கால்லா பிளாச்சிதியா பெயரிலான கல்லறை மண்டபத்துக்குள் போங்கள். சின்ன இடம், சில நிமிஷம்தான் உள்ளே விடுவார்கள், அதனால் போனை எடுக்காமல் இருட்டுக்குக் கண் பழகும்வரை சும்மா நில்லுங்கள். ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய அலபாஸ்டர் கல், அதன் வழியாக வரும் மங்கலான வெளிச்சத்தில் கருநீலக் கூரையும் பொன் நட்சத்திரங்களும் மெதுவாகத் தெளியும். கால்லா பிளாச்சிதியா இறந்தது என்னவோ ரோமில்.

சரி, இனி 547இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் விட்டாலே. குவிமாட ஓவியங்கள் பிற்காலத்தவை, அவற்றில் நேரம் செலவழிக்க வேண்டாம். பலிபீடப் பகுதியில் எதிரெதிரே பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியனும் அவர் மனைவி தியோடோராவும் பரிவாரத்தோடு நிற்கிறார்கள், பேரரசர் இந்த ஊருக்கு வந்ததே இல்லை என்றாலும். தியோடோராவின் அங்கி விளிம்பில், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ஞானிகள் உருவம் இருக்கிறது, தேடிப் பாருங்கள். ஒரே இடத்தில் நிற்காமல் இரண்டடி நகர்ந்து நகர்ந்து பார்ப்பது முக்கியம். கண்ணாடிக்குள் தங்கத் தகடு வைத்துச் செய்த சில்லுகளைக் கொஞ்சம் சாய்த்துப் பதித்திருப்பதால் நீங்கள் நகரும்போதுதான் அவை மினுங்கும். சின்ன பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள்.

சீட்டு விஷயம்: இவற்றில் அரியன் மண்டபம் தவிர மற்றவற்றுக்கு ஒரே கூட்டுச் சீட்டு. நியோனியனுக்கும் கால்லா பிளாச்சிதியாவுக்கும் நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும், அதை வைத்தே மற்ற இடங்களின் நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் நேரம் மிஞ்சினால் ரயிலில் ஒரே நிறுத்தம் தள்ளி கிளாஸே, அங்கே 549இல் அர்ப்பணித்த இன்னொரு சான்ட் அப்போலினாரே. நேரம் இல்லையென்றால் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் கல்லறையை வழியில் எட்டிப் பார்த்துவிட்டு ரயில் பிடியுங்கள்.