காய்ந்த புல்லைக் குறைத்து எடைபோடாதீர்கள்

அமெரிக்காவின் நடுப்பகுதியில், வடக்கு டகோட்டாவிலிருந்து டெக்சாஸ் வரை பெரும் புல்வெளி நீண்டு கிடக்கிறது. ‘வெயில் காலம் வந்தால்தான் தீ வரும்’ என்ற நினைப்புதான் அங்கே முதல் தவறு. தெற்குப் பகுதியை எரித்த பெருந்தீக்கள் பலவும் மூண்டது பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான். இலையுதிர் காலத்து உறைபனியில் புல் செத்துவிடும். வசந்தத்தில் புதுத் தளிர் வரும்வரை மைல் கணக்கில் நிற்பது வெறும் சருகு. குளிர் நாளானாலும் காற்று வறண்டு, பலமாக வீசினால் போதும்.

இரண்டாவது, ‘நேற்றுதானே மழை பெய்தது’ என்று இருந்துவிடுவது. மரக்கட்டை காய நாளாகும். மெல்லிய புல்லுக்குச் சில மணி நேரமே போதும். காலையில் பனித்துளியோடு நின்ற புல், காற்றின் ஈரப்பதம் இருபது சதவீதத்துக்குக் கீழே இறங்கும் மதியத்தில் தீக்குத் தயாராகிவிடும். சொல்லப்போனால், நல்ல மழை பெய்த வருஷத்தில்தான் கூடுதல் பயம் வேண்டும். 2021-இல் கொலராடோவின் போல்டர் பகுதியில் வசந்த மழையால் புல் செழித்தது. பிறகு மாதக்கணக்கில் வறட்சி. டிசம்பர் 30 அன்று மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டிய காற்றில் அங்கே பரவிய தீ, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது.

அதனால் வெப்பநிலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தெற்கு டகோட்டா போன்ற இடங்களில் தேசிய வானிலைச் சேவை புல்வெளித் தீ அபாயக் குறியீடு ஒன்றை வெளியிடுகிறது. குறைவு என்பதில் தொடங்கி மிகத் தீவிரம் வரை ஐந்து நிலைகள். தீ வேகமாகப் பரவக்கூடிய வானிலை வரும்போது அதே சேவை விடுக்கும் சிவப்புக் கொடி எச்சரிக்கை இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காலையில் காற்றே இல்லை என்று பண்ணைக் குப்பையைப் பீப்பாயில் போட்டு எரிப்பவர்கள் ஏராளம். சாம்பலுக்கு அடியில் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். மதியக் காற்று அதைக் கிளறி வேலியோரப் புல்லில் போட்டுவிடும்.

என் பார்வையில் ஆளைக் கொல்லும் தவறு காற்றின் திசையை நம்புவதுதான். மேற்குக் காற்றில் தீ கிழக்கே ஓடும்போது, அதன் முன்முனை குறுகலாகவும் பக்கங்கள் மிக நீளமாகவும் இருக்கும். ‘நம் வீடு தெற்கே இருக்கிறது, தப்பித்தோம்’ என்று நினைப்பீர்கள். பின்னாலேயே குளிர்க்காற்று முகப்பு, அதாவது நகர்ந்து வரும் குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு, வந்து காற்றை வடக்கிலிருந்து திருப்பினால், அந்த நீண்ட தெற்குப் பக்கம் முழுவதுமே முன்முனையாகி உங்களை நோக்கி வரும். 2024 பிப்ரவரியில் டெக்சாஸின் வடகோடியான பான்ஹேண்டிலில் ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ இப்படித்தான் திரும்பியது. பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. டெக்சாஸ் வரலாற்றில் அதைவிடப் பெரிய தீ இல்லை. ஆகவே காற்று எப்போது திரும்பும் என்ற முன்னறிவிப்பைக் கட்டாயம் கேளுங்கள்.

வண்டி விஷயத்திலும் கவனம் வேண்டும். முழங்கால் உயரப் புல்லில் பிக்கப்பை நிறுத்தினால் அடியில் சூடேறிய புகைக்குழாயே பற்றவைத்துவிடும். டிரெய்லரின் சங்கிலி தார்ச்சாலையில் உரசினால் பொறி பறக்கும். வேலிக்கு வெல்டிங் வைப்பதைக் காற்றடிக்கும் நாளில் தள்ளிப்போடுங்கள்.

தீயைக் கண்டதும் மண்வெட்டியோடு ஓடுவதும் தவறு. முதலில் அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள். அங்கே தீயணைப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள், சொந்த வேலையை விட்டுவிட்டுத் தொலைவிலிருந்து வர வேண்டியவர்கள். தாமதமாகும் ஒவ்வொரு நிமிஷமும் அவர்களுக்குத்தான் ஆபத்தைக் கூட்டும். புகைக்குள் வண்டியை ஓட்டாதீர்கள். எதிரே வரும் வண்டி தெரியாது. மாடுகள் இருந்தால் தீ நெருங்கும் முன்பே கேட்டைத் திறந்து, உழுத நிலத்துக்கோ பச்சையாக நிற்கும் குளிர்காலக் கோதுமை வயலுக்கோ ஓட்டிவிடுங்கள். நேரம் இல்லையென்றால் கேட்டைத் திறந்துவிட்டு நீங்கள் கிளம்புங்கள்.