இருநூற்று முப்பத்தைந்து ஏன் 200305 ஆகிறது? இடமதிப்பைக் குச்சியில் தொடங்கிச் சொல்லித்தரும் முறை

'இருநூற்று முப்பத்தைந்து' என்று சொல்லி எழுதச் சொன்னால், மூன்றாம் வகுப்பில்கூட ஓரிரு பிள்ளைகள் 200305 என்று எழுதிக் காட்டுவார்கள். சிவப்பு மையால் சுழிப்பதற்கு முன் அதை ஒரு நிமிடம் பாருங்கள். காதில் விழுந்ததைப் பிள்ளை அப்படியே எழுதியிருக்கிறது: இருநூறு, முப்பது, ஐந்து.

பழைய தமிழ் எண்முறையில் இதே எண்ணை ௨௱௩௰௫ என்று எழுதினார்கள். ௱ நூறு, ௰ பத்து. வாயில் வரும் நூறும் பத்தும் எழுத்திலும் நின்றன, பூஜ்ஜியம் தேவைப்படவே இல்லை. இன்றைய முறையில் அந்த இரண்டு குறிகளும் இல்லை; அவற்றின் வேலையை இடம் பார்க்கிறது. சொல்லும்போது கேட்கிற 'நூறும்' 'பத்தும்' எழுதும்போது எங்கே போயின என்று காட்டுவதுதான் இடமதிப்புப் பாடம். ஒன்றுகள், பத்துகள், நூறுகள் என்று கட்டம் போட்டு நிரப்புவது அதன் கடைசிப் பக்கம். பல வகுப்புகளில் அதுவே முதல் பக்கமாகிவிடுவதுதான் சிக்கல்.

முதலில் ஒரு சோதனை

16 குச்சிகளைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். தாளில் 16 என்று எழுதச் சொல்லுங்கள். 6-ஐச் சுழித்து, "இதுக்கு எத்தனை குச்சி? எடுத்துக் காட்டு" என்று கேளுங்கள். ஆறு எடுக்கும். அடுத்து 1-ஐச் சுழித்து அதே கேள்வி. இடமதிப்பு புரியாத பிள்ளை ஒரே ஒரு குச்சியை எடுத்து நீட்டும். மீதி ஒன்பது மேசையில் கிடக்கும். திருத்த வேண்டாம், மடக்கவும் வேண்டாம். குறித்துக்கொண்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுங்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் போதும்.

ஒரு குச்சி எடுத்தவர்களுக்குப் படி 1, பத்தையும் எடுத்தவர்களுக்குப் படி 3. ஒரு குச்சி எடுத்த பிள்ளையே கேள்வித்தாளில் '1 பத்து, 6 ஒன்றுகள்' என்று சரியாக நிரப்பியிருக்கலாம், அதை நம்பாதீர்கள். கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து நடத்தும் அரசுப் பள்ளி வகுப்பென்றால் இந்தச் சோதனை கூடுதலாகவே உதவும். ஒரே நேரத்தில் ஒரு குழு குச்சியோடும் இன்னொரு குழு அட்டையோடும் உட்காரலாம்.

தேவையான பொருட்கள்

ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு 120 குச்சி, 12 சின்ன ரப்பர் பேண்டு, ஒரு பெரிய ரப்பர் பேண்டு, இரண்டு லூடோ பகடை. 30 பேர் வகுப்புக்கு ஆறு குழு, 720 குச்சி. ஸ்டேஷனரி கடையில் ஐஸ் குச்சி பாக்கெட்டாகக் கிடைக்கும். செலவு வேண்டாம் என்றால் தென்னந்துடைப்பத்தின் ஈர்க்குகளை 10 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். அடிப்பாதியை மட்டும் எடுங்கள். நுனி மெலிந்திருப்பதால் கட்டுகள் ஒரே பருமனில் வராது. பத்துக்கட்டு எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருக்க வேண்டும். நறுக்கிய முனையை உப்புத்தாளில் ஒரு தேய் தேயுங்கள், இல்லாவிட்டால் விரலில் சிலாம்பு ஏறும்.

புளியங்கொட்டை எண்ணுவதற்கு நல்லது, ஆனால் கட்ட முடியாது. பிளாஸ்டிக் பத்தடிமானக் கட்டைகள் (ஒன்று, பத்து, நூறு என்று தனித்தனியாக வார்த்த கட்டைகள்) பள்ளியில் இருந்தாலும் முதல் வாரம் வெளியே எடுக்காதீர்கள். அதில் பத்தின் கட்டையை உடைத்துப் பார்க்க முடியாது, மாற்றிக்கொள்ளத்தான் முடியும். குச்சிக்கட்டு அப்படியில்லை, உள்ளே இருக்கும் பத்தும் கண்ணுக்குத் தெரியும், அவிழ்த்தால் கைக்கும் வரும்.

கடைசியாக ஒரு விரிப்பு. பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நடுவே கோடு போட்டு, வலப்பக்கம் 'ஒன்றுகள்', இடப்பக்கம் 'பத்துகள்' என்று எழுதுங்கள்.

படி 1: பத்தானால் கட்டு

ஒரே விதிதான்: வலப்பக்கத்தில் ஒன்பது குச்சிக்கு மேல் இருக்கக்கூடாது. பத்தாவது வந்ததும் கட்டி இடப்பக்கம் வைக்க வேண்டும். ஒவ்வொரு குச்சியாக வைத்துக்கொண்டே வாய்விட்டு எண்ணட்டும்.

பிள்ளைகளை விரிப்பைச் சுற்றி வட்டமாக உட்கார வைக்காதீர்கள். எதிரே இருப்பவருக்கு ஒன்றுகள் இடப்பக்கமாகத் தெரியும். அந்தப் பிள்ளை பிறகு 35-ஐ 53 என்று எழுதினால் குற்றம் உட்கார்ந்த இடத்தில்தான். எல்லோரும் விரிப்பின் ஒரே பக்கம், இரண்டு வரிசையாக.

29 வந்ததும் அடுத்து 'இருபத்திப்பத்து' என்று ஒரு குரல் கேட்கும். சிரிக்க விடாதீர்கள், நல்ல தவறு அது. "சரி, இருபத்திப்பத்து. விதிப்படி இப்ப என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். கட்டுவார்கள். மூன்று கட்டு, உதிரி இல்லை. முப்பது என்ற பெயர் எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் கண்ணில் படும்.

கட்டுகளில் ஒன்பதும் பதினொன்றும் கலந்துவிடுவது சாதாரணம். ஒருவர் கட்டியதை இன்னொருவர் எண்ணிப் பார்த்த பிறகே ரப்பர் பேண்டு போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் வாழைப்பழ டஜனையும் 30 முட்டை அட்டையையும் உதாரணத்துக்கு இழுக்காதீர்கள். கட்டு என்றாலே பத்து என்பது முதலில் படியட்டும்.

படி 2: நூறு வரை பகடை

குழுவுக்கு ஒரே குவியல். ஒவ்வொருவராக இரண்டு பகடையை உருட்டி, விழுந்த எண்ணிக்கைக்குக் குச்சி எடுத்து விரிப்பில் வைக்க வேண்டும். பத்தானால் கட்டு, பத்துக் கட்டானால் பெரிய ரப்பர் பேண்டு போட்டு நூறு. எந்தக் குழு முதலில் நூறு கட்டுகிறதோ அது ஜெயித்தது. இரண்டு பகடைக்குச் சராசரி 7 என்பதால் ஏறக்குறைய 15 உருட்டலில் முடியும். ஒரு பீரியடுக்குள் அடங்கும். கடைசி உருட்டல் நூறைத் தாண்டி 111 வரை போகலாம், குச்சி 120 கேட்டது அதற்காகத்தான்.

மறுநாள் அதையே தலைகீழாக. நூற்றுக்கட்டிலிருந்து தொடங்கி, பகடை சொல்வதைத் திருப்பித் தர வேண்டும். முதல் உருட்டலில் 8 விழுந்தால் தர உதிரிக் குச்சியே இருக்காது. பெரிய ரப்பர் பேண்டை அவிழ்த்து, ஒரு பத்துக்கட்டை எடுத்து, அதையும் அவிழ்க்க வேண்டும். 100 - 8 என்ற கணக்கில் தாளில் தடுமாறும் இடம் இதுதான், இங்கே விரலால் செய்துவிடுகிறார்கள். அவிழ்த்த கட்டை மறுபடி ஒன்று, இரண்டு என்று எண்ணும் பிள்ளையை அவசரப்படுத்தாதீர்கள். எண்ணாமலே 'பத்து' என்று தானாக எடுக்கும் நாள் வரும். அது வரை படி 3-க்குப் போக வேண்டாம்.

படி 3: பெயர்கள் செய்யும் குழப்பம்

பதினொன்று முதல் பத்தொன்பது வரை தமிழ் நமக்குத் துணை. 'பதினான்கு' என்றால் பத்தும் நான்கும், எழுதும் வரிசையிலேயே காதில் விழுகிறது. ஆங்கிலவழிப் பிள்ளைக்கு 'ஃபோர்ட்டீன்' என்பதில் நான்கு முதலில் கேட்பதால் 41 என்று எழுதும். 'தர்ட்டீன்', 'தர்ட்டி' காதுக்கு ஒன்றாகவே படும். சென்னையில் பல பிள்ளைகள் பள்ளியில் 'நைன்ட்டி', வீட்டில் 'தொண்ணூறு' என்று இரண்டையும் கலந்தே கேட்கிறார்கள். அதனால் இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் போடுங்கள்: "ஒன்பது பத்து, மூணு" என்று கட்டைத் தொட்டுச் சொல்லி, பிறகு எந்த மொழியில் வேண்டுமானாலும் பெயர் சொல்லட்டும்.

தமிழும் ஓரிடத்தில் காலை வாருகிறது. இருபது முதல் எண்பது வரை எல்லாம் 'பது'வில் முடிய, தொண்ணூறு மட்டும் நூறோடு முடிகிறது. தொள்ளாயிரம் ஆயிரத்தோடு முடிகிறது. தொண்ணூற்று மூன்றை 903 என்றும் தொள்ளாயிரத்து ஐம்பதை 9050 என்றும் எழுதுவது இதனால்தான். பழந்தமிழில் 'தொண்டு' என்றால் ஒன்பது என்பது ஆசிரியர் தெரிந்துகொள்ள; பிள்ளைக்கு விளக்கம் வேண்டாம். ஒன்பது கட்டை வரிசையாக வைத்து, பத்தாவது கட்டுக்கு இடம் காலியாக விடுங்கள். "நூறுக்கு இன்னும் ஒரு கட்டு வேணும், அதுவரைக்கும் இது தொண்ணூறு." இந்த இரண்டு பெயருக்கு மட்டும் தனியாக ஒரு நாள் ஒதுக்கலாம்.

படி 4: அடுக்கு அட்டைகள்

200305 எழுதிய பிள்ளைக்கு மருந்து இங்கே இருக்கிறது. 1 முதல் 9 வரை ஒன்பது அட்டை, 10 முதல் 90 வரை ஒன்பது, 100 முதல் 900 வரை ஒன்பது. உயரம் எல்லாவற்றுக்கும் 6 செ.மீ. அகலம் முறையே 5, 10, 15 செ.மீ. ஒவ்வொரு இலக்கமும் தனக்குரிய 5 செ.மீ. கட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும். பென்சிலால் கட்டம் போட்டு எழுதுங்கள். கைபோன போக்கில் எழுதினால் மேல் அட்டை அடியிலுள்ள பூஜ்ஜியத்தை முழுதாக மறைக்காது, விளையாட்டே கெட்டுவிடும். சுமார் 56 × 71 செ.மீ. சார்ட் ஒன்றில், மூன்று அகலத்தையும் பக்கம் பக்கமாக ஒன்பது வரிசை வெட்டினால் 30 × 54 செ.மீ.; ஒரு சார்ட்டில் இரண்டு செட் வரும். மூன்றுக்கும் ஒரே நிறம். நூறு சிவப்பு, பத்து நீலம் என்று பிரித்தால் பிள்ளை இடத்தை விட்டுவிட்டு நிறத்தைப் படித்துக்கொள்ளும்.

200 அட்டையை வையுங்கள். அதன் மேல் 30, அதன் மேல் 5, மூன்றின் வலது ஓரமும் ஒட்டி நிற்க வேண்டும். தெரிவது 235. இப்போது மெல்லப் பிரித்துக் காட்டுங்கள்: 200 + 30 + 5. இருநூறு எங்கும் போகவில்லை, முப்பதுக்கு அடியில் இருக்கிறது. விரிவாக்க வடிவம் என்று புத்தகம் சொல்வது இதைத்தான். அட்டையோடு குச்சிக்கட்டும் பக்கத்திலேயே இருக்கட்டும். ஆறு குழுவின் நூற்றுக்கட்டுகளைச் சேர்த்தால் 600 வரை உண்மையான குச்சியிலேயே காட்டலாம். விரிப்பில் 'நூறுகள்' என்று இடப்பக்கம் இன்னொரு பத்தி ஒட்டிக்கொள்ளுங்கள்.

படி 5: பூஜ்ஜியம்

"மிஸ், பத்து ஒண்ணும் இல்லையே, அப்புறம் ஏன் பூஜ்ஜியம் போடணும்?" என்ற கேள்விக்கு அட்டை பதில் சொல்லும். 300 மேல் 5 வைத்தால் நடுவில் 300-இன் பூஜ்ஜியம் தானாகத் தெரியும்: 305. பூஜ்ஜியத்தை எடுத்துவிட்டு 35 என்று எழுதினால் மூன்று நூறு மூன்று பத்தாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டையும் குச்சியில் வைத்துக் காட்டுங்கள், வித்தியாசம் 270 குச்சி. பிறகு 350, 305, 503 மூன்றையும் ஒவ்வொன்றாகக் கட்டச் சொல்லி ஏறுவரிசையில் அடுக்கச் சொல்லுங்கள்.

முழு எண்கள் 0-இல் தொடங்குகின்றன, இயல் எண்கள் 1-இல் தொடங்குகின்றன என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். தொடரி என்றால் ஒன்று கூட்டு, முன்னி என்றால் ஒன்று குறை. முழு எண்களில் 0-க்கு முன்னி இல்லை. 399-இன் தொடரி, 500-இன் முன்னி இரண்டையும் மட்டும் குச்சியில் செய்யச் சொல்லுங்கள். மற்றவை தாமே வரும்.

படி 6: கழித்தலில் கட்டை அவிழ்

42 - 17 என்ற கணக்குக்கு 35 என்று விடை வந்தால், பிள்ளை 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது. 'பெரியதிலிருந்து சின்னதைக் கழி' என்று நாம் முன்பு சொன்னதன் பலன். 4 கட்டும் 2 உதிரியும் வைத்து ஏழு உதிரி கேளுங்கள். ஒரு கட்டை அவிழ்த்து 3 கட்டு, 12 உதிரி ஆக்குவார்கள். 17 போனால் 25. தாளில் 4-ஐ அடித்து 3 என்றும், 2-க்குப் பக்கத்தில் 1 போட்டு 12 என்றும் எழுதுவது அந்த அவிழ்ப்பின் குறிப்பு. 'கடன் வாங்குதல்' என்ற சொல்லை இந்தக் கட்டத்தில் தவிர்க்கலாம். வாங்கியதை எப்போது திருப்பித் தருவது என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கத்தான் செய்யும்.

படி 7: பணமும் பெரிய எண்களும்

விளையாட்டு நோட்டுகள் இப்போது வரலாம், 1, 10, 100 மட்டும். 20-உம் 50-உம் 500-உம் வேண்டாம். பணத்தைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் உண்டு: பத்து ரூபாய் நோட்டுக்குள் பத்து ஒற்றை ரூபாயைப் பார்க்க முடியாது. குச்சி பழகிய பிள்ளைதான் நோட்டை நம்பி மாற்றும்.

நான்கு, ஐந்தாம் வகுப்பில் காற்புள்ளி. வலமிருந்து முதலில் மூன்று இலக்கம், பிறகு இரண்டிரண்டு: 4,52,307. நான்கு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்து முந்நூற்று ஏழு. லட்சம், ஆயிரம் என்று வாய் சொல்லும் இடத்தில்தான் புள்ளி விழுகிறது. புள்ளிக்கு வலப்புறத்தைக் கையால் மறைத்து ஒவ்வொரு துண்டாகப் படிக்கச் சொல்லுங்கள். செல்போன் கால்குலேட்டரில் 452,307 என்று வந்தால் அது வேறு முறை என்று சொல்லி வையுங்கள்.

ஊரில் கண்ணில் படும் எண் எல்லாம் அளவில்லை என்பதும் இந்த வயதில் தெரிய வேண்டும். மயிலாப்பூரின் பின்கோடு 600004-ஐ யாரும் ஆறு லட்சத்து நான்கு என்று படிப்பதில்லை, புள்ளியும் போடுவதில்லை. 29சி பேருந்து 21ஜி-யைவிடப் பெரியதும் இல்லை. அவை பெயர்கள். கடை போர்டு, விலைச்சீட்டு, பேருந்து எண், பின்கோடு என்று பத்து எண்களை வீட்டுப்பாடமாகக் கொண்டுவரச் சொல்லி, எது அளவு, எது பெயர் என்று பிரிக்கச் சொல்லலாம்.

முடிந்ததா என்று பார்க்க

340-இல் மொத்தம் எத்தனை பத்து இருக்கிறது என்று கேளுங்கள். நான்கு என்று சொல்லும் பிள்ளை பத்தாம் இடத்து இலக்கத்தைப் படித்துவிட்டது. அதன் முன் மூன்று நூற்றுக்கட்டையும் நான்கு பத்துக்கட்டையும் வைத்து, பெரிய ரப்பர் பேண்டுகளை மட்டும் அவிழ்க்கச் சொல்லுங்கள். 34 கட்டுகளையும் அது எண்ணி முடிக்கும் வரை நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம்.